ஆட்காட்டி விரல்

ஜூன் 3

என் வீட்டுக்காரர் காளிராஜ் வேலை பார்க்கும் அச்சகத்தில் இந்த வருட டைரியில் கிழமைகளை ஒரு நாள் தள்ளி அச்சடித்துவிட்டார்கள். திங்கள் இருக்க வேண்டிய இடத்தில் செவ்வாய் உட்கார்ந்திருக்கிறது. கழித்துப் போட்ட கட்டிலிருந்து எனக்கு ஒன்று வந்து சேர்ந்தது. "கிழமையப் பாக்காத மாரி, தேதிய மட்டும் நம்பு" என்றார். பாதி வருடம் போன பிறகு டைரி தருகிற ஆள் இவராகத்தான் இருப்பார்.

தொலைந்தால் எடுத்தவர் திருப்பித் தருவதற்காக: என் பெயர் மாரீஸ்வரி, வயது 33, சாத்தூர். ஆம்புலன்ஸில் நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து முதலுதவி செய்பவள். எங்களை இ.எம்.டி. என்பார்கள், வண்டி ஓட்டுபவரைப் பைலட் என்பார்கள். எங்கள் தெருவில் மட்டும் நான் "ஆம்புலன்ஸ் நர்சம்மா". திருத்திச் சொல்லிச் சலித்துவிட்டது.

காலையில் கிளம்பும்போது காளிராஜ் ஒரே கேள்விதான் கேட்பார். "எல்லாம் போட்டுக்கிட்டியா?" இடுப்புப் பையைத்தான் கேட்கிறார். டார்ச், பேனா இரண்டு, முகமூடி, சோப்புத் துண்டு, ஏலக்காய், தாலியைச் சட்டைக்குள் சேர்த்துக் குத்த ஊக்கு. அப்புறம் கையுறை. அலுவலகப் பெட்டியில் வருவதெல்லாம் ஆண்பிள்ளை அளவு. என் கைக்கு விரல் நுனியில் அரை அங்குலம் தொங்கும். அதனால் என் அளவில் நாலு ஜோடி நானே மெடிக்கலில் வாங்கி வைத்துக் கொள்வேன்.

பையில் ஒரு குட்டிக் கத்தரிக்கோலும் இருக்கிறது. வண்டியில்தான் பெரிய கத்தரிக்கோல் இருக்குமே, இது எதற்கு என்று ஒருநாள் கேட்டார். கட்டுத் துணிக்கு என்றேன்.

இன்றைய பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் பழமொழி: தன் கையே தனக்கு உதவி.

ஜூன் 6

கையுறை கிழிந்துவிட்டது. வேறெதுவும் இன்று எழுத முடியாது.

ஜூன் 7

விடுப்பு தந்திருக்கிறார்கள். மகள் தன்ஷிகா பால்வாடிக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும். நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

நேற்று முற்பகல் பதினொன்றேகால். நான்குவழிச் சாலையில் மேம்பாலம் இறங்கும் இடத்தில் ஒரு பைக்கை லாரி உரசிவிட்டுப் போய்விட்டது. அடிபட்டவர் பெயர் தவசிலிங்கம், முப்பது வயதிருக்கும், தீப்பெட்டி ஆபீசில் வேலை. இடது தொடை எலும்பு வெளியே தெரிந்தது. அழுத்திக் கட்டி, பலகை வைத்து, வண்டியில் ஏற்றினோம். எங்கள் பைலட் அந்தோணி அண்ணன் வண்டியைக் கிளப்பினார்.

ரத்தம் நிறையப் போயிருந்தது. சலைன் ஏற்ற வேண்டும், ஆனால் நரம்பு கிடைக்கவில்லை. ரத்தம் குறைந்தால் நரம்பு தோலுக்குள் ஒளிந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, விரலால்தான் தேட வேண்டும். நான் தேடிக்கொண்டிருக்கும்போது அவர், "அக்கா, ஒன்னு சொல்லணும்" என்றார்.

"ஒன்னும் பேசாதீங்க தம்பி. மூச்ச மட்டும் விடுங்க."

மறுபடியும் ஏதோ சொல்ல வந்தார். இன்னொரு கையைத் தூக்கி என் கைப் பக்கம் கொண்டு வந்தார். வலியில் என்னைத் தள்ளப் பார்க்கிறார் என்று நினைத்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தேன். "சொல்றேன்ல, பேசாதீங்க" என்று அதட்டினேன். நரம்பு கிடைத்தது. ஊசி இறங்கியது. அந்த நேரம் பார்த்து வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது. அவர் கையை உதறினார். ஊசி அவர் கையிலிருந்து வெளியே வந்து என் இடது ஆட்காட்டி விரலின் நுனியில் இறங்கியது.

ரத்தம் கடுகளவுதான். விரல் தானாக வாய்க்குப் போனது. சிறு வயதிலிருந்து ஊசி குத்தினால் சப்பித்தானே பழக்கம். உதடு வரைக்கும் வந்த விரலைக் கீழே இறக்கினேன்.

அவர் அழுதார். "அதத்தான் அக்கா சொல்ல வந்தேன். நான் அஞ்சு வருசமா மாத்திர சாப்பிடுறேன். அந்த மாத்திர."

எந்த மாத்திரை என்று நான் கேட்கவில்லை. எச்.ஐ.வி. என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை. முன்னாலிருந்து அந்தோணி அண்ணன், "என்ன பிள்ள, என்னாச்சு?" என்றார். ஒன்றுமில்லை, ஓட்டுங்கள் என்றேன். ஒரு கையால் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிதுக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள், பிதுக்கவில்லை. பிறகு இன்னொரு கையுறையை மாட்டிக்கொண்டு அவருக்கு அடுத்த கையில் ஊசி போட்டேன். அவரை உயிரோடுதான் ஒப்படைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரத்துக்குள் எனக்கும் முதல் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். இருபத்தெட்டு நாள், ஒரு நாள் விடாமல், ஒரே நேரத்தில். ஆறாவது வாரம் ரத்தப் பரிசோதனை. மூன்று மாதத்தில் இன்னொன்று. ஆலோசகர் அம்மா நல்ல மாதிரி. "அவர் ஒழுங்கா மாத்திர எடுத்தா உங்களுக்குப் பயம் ரொம்பக் குறைவு" என்றார். குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றா?

ஒரு படிவம் கொடுத்தார்கள். "விபத்து நேர்ந்த விதம்" என்ற இடத்தில் எழுதினேன்: கையுறை கிழிந்துவிட்டது.

அந்தக் கையுறை மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பைக்குள் போய், பை கழிவு வண்டியிலும் போயிருக்கும்.

இந்தப் பக்கத்துப் பழமொழி எனக்குப் பிடிக்கவில்லை. தன்ஷிகாவின் பூனை ஸ்டிக்கரை அதன் மேல் ஒட்டிவிட்டேன்.

ஜூன் 8

மாத்திரை நேரத்தைக் காலை ஏழாக வைத்துக்கொண்டேன். டப்பாவை இடுப்புப் பையில் கையுறை ஜோடிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அங்கே யாரும் கை விட மாட்டார்கள்.

என்ன மாத்திரை என்றார் காளிராஜ். சத்து மாத்திரை என்றேன்.

ஜூன் 10

பயத்துக்கு ஒரு குணம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில், வண்டியில், நாலு பேர் நடுவில் இருக்கும்போது அது வராது. அடுப்படியில்தான் வரும். தோசைக்குச் சட்னி அரைக்கும்போது, குழந்தைக்குத் தலை வாரும்போது.

எனக்கே தெரியும், தொட்டால் ஒட்டாது, தட்டில் ஒட்டாது, தம்ளரில் ஒட்டாது. இதை எத்தனை கூட்டத்தில் நானே மைக்கில் பேசியிருக்கிறேன். ஆனாலும் இன்று காய் நறுக்கும்போது கையுறை மாட்டிக்கொண்டேன். தன்ஷிகாவைக் குளிப்பாட்டும்போதும் கழற்றவில்லை. அவள் என் கையைத் தட்டிவிட்டு, "ரப்பர் அம்மா வேணாம்" என்றாள்.

ஜூன் 12

காலையில் வாந்தி. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே இப்படி. எங்கள் வளாகத்தில் இரண்டு வண்டிகள் நிற்கும். அடுத்த வண்டியின் இ.எம்.டி. கோமதி. போன வருடம் வந்தவள், இப்போது நாலு மாத கர்ப்பம். வேப்பமரத்தடியில் நான் வாய் கொப்பளிப்பதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, எனக்குப் போட்டியா?" என்றாள்.

சிரித்து வைத்தேன். ஊசி குத்தியது அவளுக்குத் தெரியும். தவசிலிங்கம் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது தெரியாது.

ஜூன் 15

சூப்பர்வைசர் நேரில் வந்தார். நான் எழுதிக் கொடுத்த படிவத்தை மேலே அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வண்டிகளிலும் இருந்த கையுறைப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பதிலுக்குப் புதுப் பெட்டிகள். நீல நிறம், கெட்டி ரகம், முழங்கைப் பக்கம் வரை வரும். "இனிமே வெளிக் கையுற எதுவும் போடாதீங்க, இதத்தான் போடணும். நீங்க எழுதுனதாலதான் எல்லாருக்கும் நல்லது நடந்துச்சு" என்றார் என்னிடம். கோமதியும் இரண்டு பைலட்களும் நின்றுகொண்டிருந்தார்கள். கையெடுத்துக் கும்பிடுகிற அளவுக்குப் பேசிவிட்டுப் போனார்.

அவர் போனதும் கோமதி ஒன்றை மாட்டிப் பார்த்தாள். தன் முழங்கை மடிப்பில் விரலை வைத்து அழுத்தினாள்.

"ஒன்னுமே தெரியலக்கா. சாக்கு மேல தடவுற மாதிரி இருக்கு. இதப் போட்டுக்கிட்டு நரம்ப எப்படித் தேடுறது?"

பழகிவிடும் என்றேன்.

"பழகுற வரைக்கும் உங்க வைத்தியம்தான்" என்று சொல்லி விரலால் கத்தரி மாதிரி காட்டினாள். அந்தோணி அண்ணன் அழைப்பு வந்துவிட்டது என்று கூப்பிட்டார். நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

ஜூன் 18

மாத்திரை 13. எடை ஒரு கிலோ குறைந்திருக்கிறது. நாக்கில் அந்த நோய்க்காரர்களுக்கு வருகிற மாதிரி வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று கண்ணாடியில் ஐந்து முறை பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆறாவது முறையும் பார்த்தேன்.

ஜூன் 20



மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையுறை போடவில்லை, குழந்தை அழுகிறாளே என்று கழற்றி வைத்திருந்தேன். அரிவாள்மனை கட்டைவிரலில் பட்டது. சின்னக் கீறல். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த தன்ஷிகா ஓடிவந்து, "ஊ... ஊ..." என்று ஊதினாள். ஊதிவிட்டு முத்தம் கொடுக்க வாயைக் கொண்டு வந்தாள். அவள் விழுந்தால் நான் செய்வதைத்தான் எனக்குச் செய்தாள்.

நான் அவளைத் தள்ளிவிட்டேன். மெதுவாக அல்ல. கதவில் போய் விழுந்தாள். அழக்கூட இல்லை, என்னையே பார்த்தாள்.

காளிராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "சத்து மாத்திரைய மணி பாத்து முழுங்குற பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன். சொல்லு" என்றார்.

சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையை மடியில் இறக்கிக்கொண்டு கேட்டார். "கையுற போட்டிருந்தேல்ல?"

"போட்டிருந்தேன். கிழிஞ்சிருச்சு."

"என்ட்ட ஏன் மொதல்லயே சொல்லல?"

பயமாக இருந்தது என்பது பதிலா?

ஜூன் 22

இரண்டு நாளாக வீட்டில் பேச்சு குறைவு. காளிராஜ் பிள்ளையைத் தானே குளிப்பாட்டுகிறார். என் தம்ளரைத் தனியாக எடுத்து வைப்பாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை வைக்கவில்லை. ஆனால் இன்று காபி குடிக்கும் முன் தம்ளரை ஒரு நொடி பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். பிறகு குடித்தார்.

ஜூன் 23

காலை ஏழு மணிக்கு என் போனில் அலாரம் அடித்தது. நான் வைக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் திரையில், "மாரி போட்டுட்டியா" என்று எழுதியிருந்தது. அவர் அடுப்படியில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பால் காய்ச்சினார்.

உட்கார்ந்து அழுதேன். பிறகு மாத்திரை போட்டேன். ஏழு மணி ஆறு நிமிடம்.

ஜூன் 26

இன்று ஓய்வு நாள். தவசிலிங்கத்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அவர் வாயாலேயே கேட்டால் என் பயம் தீரும் என்றுதான் போனேன்.

காலில் கம்பி போட்டுப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். பக்கத்தில் அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவர் ஏதோ சொல்ல, அந்தப் பெண் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

"அக்கா, உங்களுக்கு ஒன்னுமில்லேல்ல?"

"மாத்திர எடுக்குறேன். இன்னும் மூனு வாரத்துல பரிசோதன."

"நான் ஒரு நாள்கூட விட்டதில்லக்கா. ஆஸ்பத்திரி அட்டையப் பாருங்க, எல்லாம் எழுதியிருக்கும். என் ரத்தத்துல கிருமி கணக்குலயே வரலன்னு சொல்லியிருக்காக. என் சம்சாரத்துக்கே இல்ல. உங்களுக்கு வராது." தலையணை அடியிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். இருபது நாளாக இந்த மனிதரும் என் விரலை நினைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார்.

எழுந்தேன். அப்போது அவர், "ஒன்னு கேக்கலாமாக்கா?" என்றார். இந்த முறை பேசாதீர்கள் என்று சொல்ல முடியவில்லை.

"அன்னிக்கு உங்க கையுறையில அந்த ஒத்த வெரல்ல மட்டும் நுனி இல்ல. வெட்டுன மாதிரி இருந்துச்சு. எங்க ஆபீசுல தீக்குச்சிக்கு மருந்து முக்குற ஆளுக வெரல் உணர்ச்சிக்கு அப்படி வெட்டிக்கிடுவாக. அதப் பாத்துத்தான் பதறி, உங்க கையத் தள்ளப் பாத்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் யார்ட்டயும் சொல்லலக்கா. கிழிஞ்சிருச்சுன்னு எழுதியிருக்காகன்னு நர்சம்மா சொன்னாக. சரின்னுட்டேன்."

ஜூன் 27

அவர் அரை மயக்கத்தில் இருந்தவர். ரத்தம் அவ்வளவு போன ஆளுக்குக் கண் சரியாகத் தெரியாது. தவறாகப் பார்த்திருக்கலாம்.

ஜூன் 28

மேலே எழுதியதை அடிக்கலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. மாத்திரை 23.

ஜூலை 3

கடைசி மாத்திரை. டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருக்க மட்டும்தான் வேண்டும். மாத்திரை இருந்தவரை ஏதோ செய்துகொண்டிருக்கிற தைரியமாவது இருந்தது. அலாரத்தை எடுத்துவிடவா என்று காளிராஜிடம் கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும். ரிசல்ட்டு வரட்டும்" என்றார்.

தன்ஷிகா என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ரப்பர் இல்ல" என்று அப்பாவிடம் சொன்னாள்.

ஜூலை 9

மருத்துவக் கழிவு எடுக்கும் வண்டி இன்று வரும். இரண்டு வண்டிகளின் சிவப்புப் பைகளையும் கட்டி வைப்பது இந்த வாரம் என் முறை. கோமதி வண்டிப் பையைக் கட்டும்போது அடியில் நீலமாக என்னவோ கிடந்தது. இடுக்கியால் தள்ளிப் பார்த்தேன். விரல் நுனிகள். தன்ஷிகா ஐந்து விரலிலும் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்பாளே குழல் அப்பளம், அந்த அளவில். ஒன்பது இருந்தன. ஒரே விரலின் நுனி, ஒன்பது.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "கோமதி, கையுறைய வெட்டுறியா?"

"வேற என்னக்கா செய்ய? அந்தச் சாக்குல நரம்பு தெரியுதா? நீங்கதான சொல்லித் தந்தீங்க, இடது கை ஆள்காட்டி விரல் நுனிய மட்டும் எடுத்துட்டா நரம்பு தட்டுப்படும்னு. நான் வந்த மொத வாரமே."

"வேணாம். வெட்டாத."

"உங்களுக்குப் பெட்டி சரியில்லாம கிழிஞ்சுச்சு. இது கெட்டி ரகம்க்கா, கிழியாது." தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "வெட்டுனாலும் நான் பாத்துத்தான செய்வேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவள் வயிற்றைப் பார்த்தேன், படிவத்தை நினைத்தேன், எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டிய சூப்பர்வைசரை நினைத்தேன். காளிராஜ், "போட்டிருந்தேல்ல?" என்று கேட்டதை நினைத்தேன். நாளைக்கு அவள் தனியாக இருக்கும்போது நிதானமாகச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

ஜூலை 10

கோமதிக்கு இன்று ஓய்வு. நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 11

நான் போவதற்குள் அவள் வண்டி அழைப்புக்குப் போய்விட்டது. பேருந்து நிலையத்தில் மயங்கிக் கிடந்த ஒருவர். பத்து மணிக்கு வண்டி திரும்பியது, கோமதி வரவில்லை. அவளுடைய பைலட் இறங்கி என்னிடம் நேராக வந்தார்.

"கோமதிக்கு ஊசி குத்திருச்சு மாரி. பிள்ள ஆஸ்பத்திரிலதான் இருக்கு. உன்னையத்தான் கேட்டுச்சு."

அந்தோணி அண்ணன் வண்டியை எடுத்தார். வழியெல்லாம் என் இடது கையை வலது கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். மயங்கிக் கிடந்த அந்த மனிதர் யார், எந்த ஊர், என்ன நோய், எதுவும் யாருக்கும் தெரியாது. போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டார். அவர் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதில் எல்லாமும் தெரிந்துவிடாதாம்.

ஆலோசகர் அறையில் கோமதி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மாத்திரையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். கோமதிக்கு அது காதில் விழவில்லை. என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முன்னால் படிவம் இருந்தது. நிரப்பிவிட்டாள். விபத்து நேர்ந்த விதம்: கையுறை கிழிந்துவிட்டது.

"நீங்க எழுதுனதையே எழுதிட்டேன்க்கா" என்றாள் காதருகில். "வெட்டுனேன்னு எழுதுனா எம்மேல தப்பாயிரும்ல."

நான் அப்போதுதான் சொன்னேன். ஆலோசகர் அம்மா இருக்கும்போதே சொன்னேன். "என்னோடதும் கிழியல கோமதி. நான் வெட்டினேன்."

அவள் என் கையை விட்டாள்.

"முந்தாநாள் வெட்டாதன்னீங்களே, அப்ப ஏன்க்கா இதச் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

அவள் படிவத்தைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் சொன்னாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா வெட்டியிருக்க மாட்டேன்க்கா. நெசமாவே வெட்டியிருக்க மாட்டேன்."

ஜூலை 12

எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம். கிழியவில்லை, வெட்டினேன், எட்டு வருடமாக வெட்டுகிறேன், கோமதிக்குக் கற்றுக் கொடுத்தது நான், அவள் கையுறையை வெட்டுகிறாள் என்று தெரிந்தும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கெட்டிக் கையுறையில் நரம்பு தெரியாது, மெல்லிய ரகம் சரியான அளவில் எங்களுக்கு வேண்டும் என்பதையும் எழுதினேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. விசாரணை முடியும்வரை வண்டிக்கு வர வேண்டாம் என்றார்.

வீட்டில் காளிராஜிடம் சொன்னேன். அவர் விரல்களில் பேப்பர் வெட்டிய தழும்புகள் நிறைய உண்டு. அவற்றைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "எங்க மிசின்லயும் கையத் தடுக்குற தகட்டக் கழட்டி வச்சிட்டுத்தான் வெட்டுவோம். வேகமா முடியும்" என்றார். நாளைக்கு மாட்டிவிடுகிறேன் என்று சொல்லவில்லை, மாட்டுவார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 7-ஆம் பக்கத்துக்குப் போய்ப் பூனை ஸ்டிக்கரைப் பிய்த்தேன். பாதிப் பூனை பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. எழுத்து தெரிந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்.

ஜூலை 13

ஏழு மணிக்கு அலாரம் அடித்தது. கோமதிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 14

எடுக்கவில்லை.

ஜூலை 15

எடுக்கவில்லை. இரண்டாவது முறை அவள் புருஷன் எடுத்து, "அவ பேச மாட்டேங்குறா, வச்சிருங்க" என்றார். மாத்திரை சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டேன். வாந்தி எடுக்கிறாள் என்றார். சாப்பிட்டு அரை மணிக்குள் வாந்தி வந்தால் ஆலோசகர் அம்மாவுக்குப் போன் செய்து கேட்கச் சொன்னேன். ம் என்றார்.

ஜூலை 18

ரத்தம் கொடுத்துவிட்டு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காளிராஜ் அச்சகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். எதிர்ச் சுவரில் ஒரு பல்லி. அது வாசல் பக்கம் போனால் நல்லது, உள்ளே போனால் கெட்டது என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அது நகரவே இல்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். காளிராஜ் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். ஆலோசகர் அம்மா தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். இல்லை என்றிருந்தது. மூன்றாவது மாதம் இன்னொரு முறை பார்த்துவிடுவோம், ஆனால் பயப்பட வேண்டாம் என்றார். காளிராஜ் வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆறு வாரமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூச்சு விட்டேன். கிடைத்ததும் அதில் பாதிதான் என்னுடையது போல இருந்தது. கோமதிக்கு இந்தத் தாள் வர ஆகஸ்ட் கடைசியாகும்.

வீட்டுக்கு வந்ததும் தன்ஷிகாவை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து எண்ணினாள். ஆட்காட்டி விரலில் வந்து நின்று, "இது?" என்றாள். ஊதச் சொன்னேன். ஊதினாள். முத்தமும் கொடுத்தாள்.

ஜூலை 19

காலை ஏழு மணி. அலாரம். "மாரி போட்டுட்டியா."

இனி எனக்குப் போட மாத்திரை இல்லை. அலாரத்தை எடுத்துவிடப் போனைக் கேட்டுக் காளிராஜ் கை நீட்டினார். கொடுக்கவில்லை. கோமதிக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைக்கப் போகும் நேரத்தில் எடுத்தாள். பின்னால் வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள் போல.

"போட்டுட்டேன்" என்றாள், நான் கேட்கும் முன்பே. வைத்துவிட்டாள்.

மாத்திரையைச் சொன்னாளா, கையுறையைச் சொன்னாளா தெரியவில்லை. நாளை ஏழு மணிக்கு இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.